ஆறு மீட்டர் ஆழத்திலிருந்து மச்சான் கேட்ட கயிறு

பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, காலை 4.50 மணி. ஆட்கள் மூன்று பேர், பைகள் நான்கு. குன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் கிளம்பினோம். போய்ச் சேரவேண்டிய இடம் அந்தமானில் ஸ்வராஜ் தீவு. பழைய பெயர் ஹேவ்லாக். டிக்கெட் போடும்போது இரண்டு பெயரும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று தேடித்தான் இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். எல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் நடுவில் நடந்ததைத் தாண்டிக் குதிக்காமல் படியுங்கள். கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான்.

யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பிரபு. மெக்கானிக்கல் டிப்ளமோ, அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் கம்ப்ரசர் பராமரிப்பு. கூட வந்தவர்கள் என் அக்கா கவிதா, அவள் கணவர் முருகேசன். அவரை நான் மச்சான் என்பேன். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். ஆனால் கடையால் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. கிணற்றில் மோட்டார் அறுந்து விழுந்தால் மூச்சடக்கி முங்கி எடுப்பவர் அவர். ஆள் விழுந்தாலும் அவர்தான். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வர நேரமாகும், மச்சான் பைக்கில் வந்துவிடுவார்.

மோட்டாருக்குக் கூலி வாங்குவார். ஆளுக்கு வாங்கமாட்டார். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு புதுத் துண்டு கொடுப்பார்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அக்கா வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அந்தத் துண்டுகள்தான். அதில் ஒன்றைக்கூட யாரும் துவட்டிக்கொள்ள எடுத்ததில்லை.

போன ஐப்பசியில் பக்கத்து ஊரில் ஒரு பெண். துணி துவைக்கக் கிணற்றில் இறங்கியவள் பாசியில் வழுக்கி உள்ளே போய்விட்டாள். மச்சான்தான் எடுத்தார், உயிர் இல்லை. அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் சரியில்லை. கடையில் ஒரே மோட்டாரின் சுருளைப் பிரிப்பதும் திரும்பச் சுற்றுவதுமாக இருந்தார். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது கேட்டார்.

"கடலுக்கு அடியில வெளிச்சம் இருக்குமாமே, நெசமா மாப்ள?"

"சில எடத்துல தரை வரைக்கும் தெரியும் மச்சான்."

"இருவது வருசமா தண்ணிக்குள்ள எல்லாத்தையும் தடவித்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டுவிட்டேன். நாலு பேரைக் கேட்டு முடிவு பண்ணுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் மச்சானின் அம்மாவிடம் விட்டோம்.

இனி வழி. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கலாம், எங்கள் விமானத்துக்கு நேரம் ஒத்துவரவில்லை. 5.40க்குச் சென்னை பஸ், ஆளுக்கு 285 ரூபாய். 10.50க்குக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டான். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் விமான நிலையம். 1.35க்கு விமானம், இரண்டேகால் மணி நேரம். போகவர ஆளுக்கு 12,400 ரூபாய். திரும்பி வரும் டிக்கெட்டை நாங்கள் பயன்படுத்தவில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

அக்காவுக்கும் மச்சானுக்கும் அதுதான் முதல் விமானம். அக்கா ஜன்னலோரம். மச்சான் அவளைத் தாண்டிக் குனிந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார்.

"இங்க ஆழம் என்னா இருக்கும் மாப்ள?"

"மூவாயிரம் மீட்டர் இருக்கும்."

மனதுக்குள் அடிக்கணக்கில் மாற்றிப் பார்த்தார். "பத்தாயிரம் அடியா? மோட்டார் உழுந்தா உழுந்ததுதான்."

"இங்க வந்தும் மோட்டாரா?" என்றாள் அக்கா. "பக்கத்துல பொண்டாட்டி ஒருத்தி உக்காந்திருக்கேன்."

"நீ உழுந்தா எறங்குவேன். மோட்டாருக்கு எறங்க மாட்டேன்."

போர்ட் பிளேருக்கும் இப்போது பெயர் மாற்றிவிட்டார்கள், ஸ்ரீ விஜயபுரம். ஆட்டோக்காரரிடம் போர்ட் பிளேர் என்றால்தான் சட்டென்று புரிகிறது. தமிழ் தாராளமாகச் செல்லும். ஒரு ராத்திரி அறை 1,800. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தனியார் கப்பல், ஆளுக்கு 1,450, ஒன்றே முக்கால் மணி நேரம். அரசுக் கப்பல் மலிவு. ஆனால் டிக்கெட் கிடைப்பது உறுதியில்லை, ஒரு நாள் கையில் உபரியாக இருந்தால் மட்டும் முயற்சி செய்யுங்கள்.

தீவில் அறை 2,200, இரண்டு ஸ்கூட்டர் நாளுக்கு ஆயிரம். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியை விட்டு இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் பாக்குத் தோப்பு, வாழை, அதற்குப் பின்னால் காடு. எங்கள் ஊரில் மாசி பிறந்தால் பருத்திச் செடி வரைக்கும் காய்ந்து நிற்கும். இங்கே மின்கம்பத்தின் மேல்கூடக் கொடி ஏறியிருக்கிறது. வெயில் அதே வெயில்தான், உடம்பு மட்டும் காயவே காயாது. பருத்தித் துணி எடுத்துப் போங்கள், ஜீன்ஸ் வேண்டாம்.

சனிக்கிழமை மதியம் ராதாநகர் கடற்கரை. ஜெட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் காட்டுக்குள் இறக்கம், பிரேக் பார்த்து எடுங்கள். தூண் மாதிரி மரங்கள் முடிகிற இடத்தில் மணல் ஆரம்பிக்கிறது. மாவு மாதிரி மணல். அழகாக இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. சூரியன் மறைவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பார்கள். எனக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை, எழுந்து கடைப் பக்கம் போய்விட்டேன். இளநீர் 80 ரூபாய்.

மச்சான் கடலில் இறங்கியது அங்கேதான், முதல் தடவையாக. காவலர்கள் கொடி நட்டிருக்கும் எல்லைக்குள் நீந்தினார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"கண்ணத் தொறந்தா எரியுது. மணலாக் கெளம்புது, ஒண்ணும் தெரியல. அப்பறம் ஓரமே இல்லயே மாப்ள. கிணத்துல எங்கிட்டுப் போனாலும் கைக்குச் சொவரு தட்டுப்படும்."

"ஒரு ஓரம் இருக்குல்ல," என்றாள் அக்கா. "அங்கதான் நான் செருப்பக் காத்துக்கிட்டு நிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கயாக். அலையாத்திக் காட்டு ஓடைக்குள் துடுப்புப் போட்டுப் போவது. இரண்டு மணி நேரம், ஆளுக்கு 2,500. காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள், எட்டுக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். அக்காவும் மச்சானும் ஒரே படகில். அக்கா இடது என்றால் இவர் வலது போடுவார், இரண்டு முறை வேரில் போய் முட்டினார்கள். கரையோரம் செத்த பவளப்பாறை உடைந்து கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆலைச் சுரங்கத்தில் வெட்டும் சுண்ணாம்புக் கல்லிலும் இதே மாதிரி சிப்பியும் வரிகளும் இருக்கும். நாங்கள் அதைத்தான் அரைத்து மூட்டை கட்டுகிறோம்.

திங்கட்கிழமை, 9ஆம் தேதி, ஸ்கூபா. வந்ததே இதற்காகத்தான்.

நீச்சல் தெரியாதவர்களும் செய்யலாம். முதுகில் காற்று உருளை, வாயில் குழாய், கண்ணுக்குக் கண்ணாடி. ஒரு ஆளுக்கு ஒரு பயிற்சியாளர், அவர் உங்களைப் பிடித்துக்கொண்டே அழைத்துப் போவார். ஆளுக்கு 4,500, வீடியோவும் அதில் சேர்த்தி. கரையிலிருந்தே நடந்து இறங்குகிற இடம். மச்சானுக்கு வந்த பயிற்சியாளர் ரஞ்சித், போர்ட் பிளேரிலேயே பிறந்த தமிழர். இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒன்றையும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நடந்ததற்கு அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது.

"அண்ணே, மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. ஒண்ணே ஒண்ணு. மூச்ச மட்டும் அடக்கவே கூடாது. இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க. அவ்ளோதான்."

மச்சான் சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல அத அடக்குறதுக்குத்தான் தம்பி காசு குடுக்குறாங்க."

"இங்க அடக்குனா காசு பத்தாதுண்ணே," என்றார் ரஞ்சித்.

எல்லோரும் சிரித்தோம். 8.20க்கு இரண்டு பேரும் தண்ணீருக்குள் போனார்கள். என் முறை அடுத்து. அக்காவும் நானும் முழங்கால் தண்ணீரில் நின்று குமிழி வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி மெதுவாக நகர்ந்து போனது. கரையிலிருந்து அறுபது எழுபது மீட்டர் இருக்கும்.

கால்மணி நேரம் ஆகியிருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் உடைந்தது. மச்சான் மார்பு வரைக்கும் மேலே எழும்பினார். கண்ணாடி இல்லை, வாயில் குழாய் இல்லை.

"கயிறு! கயித்தப் போடுங்கடா!"

கிணற்று மேட்டில் நிற்பவர்களைப் பார்த்துப் போடுகிற சத்தம் அது. அக்கா என் கையைப் பிடித்தவள் நகத்தைப் பதித்துவிட்டாள். மச்சான் மூழ்குகிறார், தனக்குத்தான் கயிறு கேட்கிறார் என்று நினைத்தோம். அதற்குள் ரஞ்சித் மேலே வந்து அவர் போட்டிருந்த மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பி மல்லாக்கப் போட்டு இழுத்து வந்தார்.

கரைக்கு வந்தபோது மச்சான் நன்றாகத்தான் இருந்தார். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார். ரஞ்சித் விடவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், நேராக நடக்கச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தார். பத்து நிமிடம் கழித்து அக்காவிடம் தண்ணீர் கேட்டார். கேட்ட குரல் அவருடையது இல்லை. ஸ்டேஷன் சரியாக எடுக்காத ரேடியோ மாதிரி மெலிந்து மூக்கால் வந்தது. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கழுத்து இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு வந்தது. நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். தோலுக்கு அடியில் பொரி நொறுங்குவது மாதிரி இருந்தது.

தினமும் அழுத்தமேற்றிய காற்றோடு வேலை செய்கிறவன் நான், அந்த நிமிடமே புரிந்துவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன். கிணற்றில் முங்கும்போது மேலே இழுத்த மூச்சைத்தான் உள்ளே கொண்டுபோகிறோம். ஆழத்தில் அது சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கு விரியும். அவ்வளவுதான், ஆபத்து இல்லை. ஸ்கூபாவில் ஆழத்திலேயே உருளையிலிருந்து நெஞ்சு நிறைய இழுக்கிறோம். ஆறு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதுபோல் ஒன்றரை மடங்குக்கு மேல். அந்தக் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நெஞ்சுக்குள் அது அதே ஒன்றரை மடங்கு விரியும். போக இடமில்லை. நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசியும். கழுத்துத் தோலுக்கு வந்தது அந்தக் காற்றுதான். அதுவே ரத்தக் குழாய்க்குள் போயிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன்.

ஸ்கூபா கடையில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள், உடனே போட்டார்கள். தீவின் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம். அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கையோடு ஒரு ஆக்சிஜன் உருளையும் ஒரு நர்ஸையும் சேர்த்து மதியக் கப்பலில் போர்ட் பிளேருக்கு அனுப்பிவிட்டார்கள். ரஞ்சித்தும் கூடவே வந்தார். வருகிற வழி முழுக்க அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மச்சானைக் கை தூக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கீழே என்ன நடந்தது என்று நான் கேட்டேன்.

"அவர் கையப் பாத்துட்டே நல்லாத்தான் வந்தாருண்ணா. நான் கேமராவ சரி பண்ணேன், ரெண்டு செகண்ட். தரைய ஒதச்சுட்டு அம்பு மாதிரி போயிட்டாரு. கையில புடிச்சேன், உருவிட்டுப் போயிட்டாரு." மச்சான் காதில் எல்லாம் விழுந்தது.

போர்ட் பிளேர் அரசு மருத்துவமனையில் நான்கு நாள். நெஞ்சுக்குள் கசிந்த காற்று தானாக வற்றும், அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆக்சிஜன் போதும் என்றார்கள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியும். கிளம்புகிற அன்று மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"சில வாரத்துக்கு ஃப்ளைட் ஏறக் கூடாது. மேல போனா அழுத்தம் கொறையும், உள்ள இருக்குற காத்து மறுபடி விரியும். கப்பல்ல போங்க. அப்புறம், இனிமே முங்கக் கூடாது."

"குளிக்கலாமாங்க?" என்றாள் அக்கா.

"குளிக்கட்டும். முங்கக் கூடாது. கடல், குளம், கிணறு எதுலயும்."

மச்சான் அந்த மெலிந்த குரலில் கேட்டார். "மோட்டார வுட்டுருவேன்மா. ஆள் உழுந்துட்டா?"

டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தட்டிக் காட்டினார். "விழுந்தாலும். கிழிஞ்ச எடம் மறுபடி கிழியும். உங்க ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"நெறைய இருக்காங்க," என்றாள் அக்கா. "மேல நின்னு கத்துறதுக்கு."

அதனால்தான் விமான டிக்கெட் வீணானது. கப்பல் மாதத்துக்குச் சில நடைகள்தான். எங்கள் அதிர்ஷ்டம், 13ஆம் தேதி மாலை ஒன்று சென்னைக்குக் கிளம்பியது. இரண்டாம் வகுப்புக் கேபினில் ஆளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். பொதுக் கூடத்தில் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பு அதில் பாதிக்கும் குறைவு, ஆனால் நோயாளியை வைத்துக்கொண்டு முடியாது. அறுபத்து நான்கு மணி நேரம். சாப்பாட்டு டோக்கன் தனி. சாம்பாரில் உப்பு இருக்காது, ஊறுகாய் எடுத்துப் போங்கள். முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு போனில் சிக்னல் கிடையாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் மேல்தளத்தில் மச்சானும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அக்கா கேபினில் தலைசுற்றிப் படுத்திருந்தாள். ஒரு வாரமாக அவர் கீழே பார்த்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுமை இல்லை, கேட்டுவிட்டேன்.

"எதுக்கு மச்சான் கயிறு கேட்டீங்க?"

அவர் கையை நீட்டி விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"மொதல்ல மீனெல்லாம் பாக்கல மாப்ள. கையத்தான் பாத்தேன். தண்ணிக்குள்ள இது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியாது. எத்தன பேரப் புடிச்ச கை. நகம் கூடத் தெரிஞ்சுச்சு. திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே போனேன்."

"அப்பறம்?"

"அப்பறம் நிமிந்தேன். தரையில ஒரு பொண்ணு படுத்திருந்துச்சு. அசையல. முடி விரிஞ்சு மேல எழும்பி நிக்கிது. அன்னிக்கி அந்தப் பொண்ண எடுக்கறப்ப மொதல்ல கையில தட்டுப்பட்டது முடிதான். எப்புடி இருந்திருக்கும்னு இவ்ளோ நாளா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அப்புடியே இருந்துச்சு மாப்ள. வாயில குழாய் இருக்கறது, ரஞ்சித்து தம்பி சொன்னது, எல்லாம் போச்சு. மூச்சு தானா அடஞ்சிக்கிச்சு. ஆள் தட்டுப்பட்டா தரைய ஒதச்சு மேல வரணும், கயிறு வாங்கிக்கிட்டுத் திரும்ப எறங்கணும். அதான் வந்தேன். அதான் கேட்டேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த நேரத்தில் வேறொரு பயிற்சியாளரோடு ஒரு வடநாட்டுப் பெண்ணும் உள்ளே இருந்தாள். பவளப்பாறை பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் கரையில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கா மச்சான். போட்டோ எடுத்துட்டு இருந்தா."

"தெரியும். கரையில பாத்தேன்." விரல்களை மடக்கிக்கொண்டார். "நான் எடுக்கணும்னு கெளம்புன ஆளுல உசுரோட இருந்தது அது ஒண்ணுதான்."

நான் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தேன்.

16ஆம் தேதி காலை சென்னை, அன்று மாலை ஊர்.

பயணம் அங்கே முடிந்தது. ஆனால் இதை எழுத உட்கார்ந்தது போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததால்தான். காலை பத்து மணிக்கு மச்சானுக்குப் போன் வந்தது. எங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு வயல்காட்டுக் கிணறு. விடியற்காலை மோட்டார் போடப் போன பெரியவர் திரும்பவில்லை, செருப்பு படியில் கிடக்கிறது என்றார்கள். மச்சான் பைக் சாவியை எடுத்தார். அக்கா வாசலை மறிக்கவில்லை. என்னைப் பார்த்து ஒரே வார்த்தை, "போடா." நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கிணற்று மேட்டில் முப்பது பேர். இவரைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

"முருகேசன் வந்துட்டாப்ல, கயித்தக் கொண்டாங்க!"

மச்சான் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையைப் பிடித்து இழுக்கலாமா என்று யோசித்தேன். கம்ப்ரசர் என்றால் வால்வை அடைத்திருப்பேன். இரண்டாவது பொத்தான், மூன்றாவது பொத்தான். அப்புறம் அங்கேயே நின்றார். தண்ணீரைப் பார்த்தார். பச்சைத் தண்ணீர், ஒரு முழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பொத்தானைத் திரும்பப் போட்டார்.

"எனக்கு நெஞ்சு கிழிஞ்சிருக்கு. நான் எறங்க முடியாதுங்க. ஃபயர் சர்வீஸ்க்குச் சொல்லுங்க."

அந்தக் குரலில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை நான் சத்தமாகச் சொன்னேன். பின்னால் யாரோ, "அந்தமான் போயி சொகுசு கண்டுட்டாரு," என்றான். மச்சான் திரும்பவில்லை. மேட்டிலேயே உட்கார்ந்தார். வண்டி வர ஐம்பது நிமிடம் ஆனது. அதுவரை எழவில்லை. பெரியவரின் மகன் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பெரியவர் உள்ளே போய் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயிர் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தீயணைப்புக்காரர்களில் ஒருவர், என் வயதுதான் இருக்கும், இடுப்பில் கயிறு கட்டி மூன்று முறை முங்கினார். மூன்றாவதில் எடுத்தார். பெரியவரின் மகன் புதுத் துண்டோடு வந்தான். பழக்கத்தில் நேராக மச்சானிடம்தான் நீட்டினான்.

"எறங்குனவருக்குக் குடுங்க," என்றார் மச்சான்.

அந்தத் தீயணைப்புக்காரருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. துண்டை வாங்கினார், "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லி முகத்தைத் துடைத்தார், தலையைத் துவட்டினார், காதுக்குள் விட்டு ஈரத்தை எடுத்தார். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் மட்டும் அவர் துவட்டி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் வழியில் சொன்னார், "துண்டு நல்லா ஈரம் இழுக்குது மாப்ள." அன்று குளித்துவிட்டு வந்து அக்காவிடம் பீரோவில் இருந்து ஒன்றைக் கேட்டார். அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

தீவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். மூன்று பேருக்கு ஐந்து நாளுக்குப் போட்ட கணக்கு தொண்ணூறாயிரம். அதற்குமேல் அவசரத்துக்கு ஒரு தொகையும் நான்கு நாள் உபரி விடுப்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூபாவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு முழு நாள் விடுங்கள். கடையில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. கிணற்று நீச்சல்காரர்கள் பயிற்சியாளரிடம் "நீச்சல் தெரியும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மூச்சடக்கி முங்கிப் பழக்கம்" என்று சொல்லுங்கள். அதைவிட நல்லது, முதல் நாள் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் போட்டு மேலேயே மிதந்து பார்ப்பது. உடம்பு பழகிய பிறகு உள்ளே போகலாம். காது கேட்பது வேறு, உடம்பு கேட்பது வேறு.

இனி நான் செய்யப்போவது:

1. மார்ச் முதல் வாரம் மச்சானைத் திருச்சிக்கு அழைத்துப்போய் மறுபடி எக்ஸ்ரே.

2. ஒரு திங்களோ வெள்ளியோ சிறுவாச்சூர் அம்மன் கோயில். அக்கா ஆஸ்பத்திரியில் வேண்டிக்கொண்டு முந்தானையில் முடிந்த காசு இன்னும் அப்படியே இருக்கிறது. மற்ற நாளில் நடை திறக்கமாட்டார்கள். எனக்கு நம்பிக்கை கிடையாது, வண்டி ஓட்டுவேன்.

3. எங்கள் ஊரைச் சுற்றிச் சுவர் இல்லாத கிணறுகளைக் கணக்கெடுப்பது. ஆலையில் கழித்துப் போடும் கம்பியை விலைக்குக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தடுப்பு வெல்டிங் செய்யலாம். வழுக்குகிற படிக்குக் கைப்பிடி.

4. மச்சானுக்கு வரும் அழைப்பு என் போனுக்கு வரும்படி மாற்றுவது. யார் கூப்பிட்டாலும் முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் பேச்சு.

5. ரஞ்சித் அனுப்பிய வீடியோவை வெட்டுவது. மச்சான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற இடம் மட்டும், நாற்பது விநாடி. அவர் நிமிர்வதற்கு முன்னால் நிறுத்தி, அவருடைய போனில் போட்டுக் கொடுப்பேன்.